இடது பக்கம் இழுக்கும் வண்டி

பையின் காது அறுந்து ஒரு எலுமிச்சம்பழம் கீழே விழுந்தது.

விழுந்த பழம் நிற்கவில்லை. ஏரிக்கரை இறக்கத்தில் முதலில் சோம்பலாக உருண்டது. பிறகு யாரோ கூப்பிட்டது போல ஓடியது. கீழே பாதை திரும்பும் இடத்தில் அது திரும்பவில்லை. நேராகப் போய் மதகுத் தண்ணீரில் விழுந்தது.

செவ்வந்தி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எவ்வளவு சுலபமாகப் போகிறது. தள்ள ஓர் ஆள் வேண்டாம்.

அவள் கையில் இருந்தது சக்கர நாற்காலியின் கைப்பிடி. நாற்காலியில் அவள் புருஷன் கன்னியப்பன். முப்பது வருஷம் குவாரி லாரி ஓட்டிய மனுஷன். இறக்கத்தில் பிரேக் போனால் நேரே விடாதே, குறுக்கே ஒடித்துக் கரையில் சாய்த்துவிடு என்று கிளீனர்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவர். வலது பக்கம் மொத்தமும் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. பேச்சும் அதோடு போயிற்று.

அவருக்கு வாய்த்த வண்டியோ இது. ஏற்றத்தில் கனம், சரி. இறக்கத்திலும் தள்ளினால்தான் போவேன் என்றால்? அதுவும் இறக்கம் வந்துவிட்டால் போதும், புல்லைக் கண்ட மாடு மாதிரி இடது பக்கமே இழுக்கும்.

முகாமில் சும்மா கொடுத்த நாற்காலிதானே, சக்கரம் கோணலாக இருக்கும் என்று சைக்கிள் கடை ஜான்சனிடம் இரண்டு தரம் கொண்டுபோனாள். அவன் வெறும் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டான்.

"காத்தாடி மாதிரி சுத்துது யக்கா. இதுல ஒரு கோளாறும் இல்ல. ஆயில் வுடறதுன்னா உனக்குத்தான் வுடணும்."

சிரித்துவிட்டு வந்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

இன்று ஆஸ்பத்திரியில் கைகாலை நீட்டி மடக்கிவிடும் அந்தப் பெண், இனிமேல் வாராவாரம் அலைய வேண்டாம்மா, வீட்டிலேயே செய்துவிடுங்கள் என்றாள். நல்லவிதமாகத்தான் சொன்னாள். நல்லவிதமாகச் சொன்னதால்தான் செவ்வந்திக்குப் புரிந்தது. இவ்வளவுதான். இதற்கு மேல் தேறாது.

நாளைக்கும் நாலு மணிக்கு எழுந்து துணி மாற்ற வேண்டும். புரட்டிப் போட்டு முதுகைத் துடைக்க வேண்டும். மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். தலை வாரக்கூடத் தோள்பட்டை எழும்பவில்லை அவளுக்கு.

இரண்டாவது பழம் விழுந்தது. அதுவும் போயிற்று.

பெருநகர் பஸ் அப்போதே போய்விட்டது. கரைமேல் இனி யாரும் வரமாட்டார்கள். கீழே மதகுவரைக்கும் பாதை சும்மா கிடந்தது. ஐப்பசி மழையில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது.

முதலில் சுண்டுவிரல் கழன்றது.

அவள் தள்ளவில்லை. பிடிக்காமல் இருந்தாள், அவ்வளவுதான்.

கடைசி விரலும் கழன்றது.

நாற்காலி ஒரு முழம் நகர்ந்தது. பிறகு மூக்கை இடது பக்கம் திருப்பிற்று. வலது சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டு கீழே இறங்க, வண்டி பாதைக்குக் குறுக்கே வந்து அப்படியே நின்றுவிட்டது.

மடித்துப் போர்த்தியிருந்த துண்டு நழுவிக் கிடந்தது. எப்போதும் அந்தத் துண்டுக்குள் கிடக்கும் இடது கை, சக்கரத்தின் வளையத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு.

அந்த உள்ளங்கை காய்த்திருக்கும். தினமும் துடைத்துவிடுகிறவளுக்குத் தெரியாதா? ஸ்டியரிங் பிடித்த காய்ப்பு என்றே நினைத்திருந்தாள். ஸ்டியரிங்கை விட்டு மூன்று வருஷம் ஆகியும் அது ஏன் கரையவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நாற்காலி வந்த முதல் வாரமே ஜான்சனிடம் போய்ச் சொன்னது ஞாபகம் வந்தது. வண்டி இடது பக்கம் இழுக்கிறது.

முதல் வாரமே.

கன்னியப்பன் அவளைப் பார்க்கவில்லை. தண்ணீரில் மிதந்த இரண்டு பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வந்தி வந்து கைப்பிடியைப் பற்றினாள்.

"கைய எடுய்யா. நான் புடிச்சிக்கினு கீறேன்."

அவர் திரும்பி அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். அவசரமில்லாமல் பார்த்தார். பிறகு விரல்களைப் பிரித்து, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் நாற்காலியைக் கீழ்நோக்கித் திருப்பினாள்.

வண்டி இடது பக்கம் இழுக்கவில்லை. நேரே மதகைப் பார்த்து இழுத்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த இறக்கத்தின் முழுக் கனமும் அவள் கைக்கு வந்தது. செவ்வந்தி இரண்டு குதிகாலையும் மண்ணில் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்தாள்.