இரையாத செட்டு

“என்ன பாய், செட்டு இந்த இரை இரையுது?”

மிக்கேல்ராஜ் மேடையிலிருந்தே கத்தினான். கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்று கால் மணி நேரம் ஆகிறது. இன்னும் ஒரு பாட்டு வாசித்தபாடில்லை. ஒலிபெருக்கிக் குழாயில் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல்.

அன்றைக்குத் தேவாலயப் பங்கு இளைஞர் சங்கத்தின் ஆண்டு விழா. திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிற மிக்கேல்ராஜ், ஒரு வருஷம் பாடுபட்டுத் தன் கையாலேயே செய்த மின்சாரக் கிட்டார் முதன்முதலாக மேடை ஏறியிருந்தது. “நல்லா வாசிச்சுக் காட்டு, கோயில் பாட்டுக் குழுவுல சேத்துக்கிறேன்” என்று சொல்லியிருந்த ஞானதாஸ் வாத்தியார் முன்வரிசையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் பட்டறை ஆட்கள் ஒருத்தர் பாக்கியில்லை. வாசிப்பைக் கேட்க வந்தவர்கள் பாதி, சிரிக்க வந்தவர்கள் பாதி.

“ஏலே மிக்கேலு, சாவியப் போட்டுத் திருகிப் பாரு!” என்று குரல் கொடுத்தான் கூட வேலை பார்க்கிற உடையப்பன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மிக்கேல்ராஜுக்கு மானம் போயிற்று. வந்த கோபமெல்லாம் மைக் செட் அப்துல் வாஹித் பாய் மேல் திரும்பியது. மனுஷர் வாய் அப்படி. சாணார்பட்டி வரைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், “ஊர்ல நாலு செட்டு இருக்கலாம். இரையாத செட்டு இந்த வாஹித் செட்டு ஒண்ணுதான்” என்று மார் தட்டாமல் வயரைப் பிரிக்கமாட்டார். இன்றைக்கும் தட்டியிருந்தார்.

“இரையாத செட்டுன்னீகளே பாய், இது என்னவாம்?”

பாய் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். சுவரில் இருந்த பிளக்கைத் திருப்பிச் செருகினார். டியூப் லைட்டை அணைக்கச் சொன்னார். எர்த் வயர் இறங்கிய இடத்தில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். இரைச்சல் அசையவில்லை.

“தம்பி, கிட்டார்க் கம்பியத் தொடு.”

தொட்டான். இரைச்சல் கூடியது.

“கைய எடு.”

எடுத்தான். குறைந்தது.

பாய் அவன் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பட்டறை ஆட்களைப் பார்த்தார்.

“கிட்டாரைச் செத்த நேரம் குடு தம்பி. இதை மாட்டித்தான் பெட்டியச் சோதிக்கணும்.”

“கிட்டார்ல கீறல் விழாம பாத்துக்கங்க. ஒரு வருச உழைப்பு.”

பெட்டியையும் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் போனவர், பத்து நிமிஷத்தில் வந்தார். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“பெரியவங்க மன்னிக்கணும். கோளாறு எம் பெட்டியிலதான். சரி பண்ணிட்டேன்.”

“இரையாத செட்டு!” என்று யாரோ சீட்டியடித்தார்கள். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

மிக்கேல்ராஜ் வாசித்தான். தூசியளவும் இரைச்சல் இல்லை. கண்ணாடி மாதிரி சுத்தமாக விழுந்தது ஒவ்வொரு சுரமும். முடித்தபோது முதலில் எழுந்து நின்று கை தட்டியது உடையப்பன்தான். “எங்க பட்டறைக்காரன்யா!” என்று பக்கத்திலிருந்தவர் தோளை உலுக்கினான்.

“வர்ற ஞாயித்துக்கிழமையே ஒத்திகைக்கு வந்துரு தம்பி” என்றார் ஞானதாஸ் வாத்தியார்.

மிக்கேல்ராஜ் ஒரு முழம் உயர்ந்துபோனான். அந்த மிதப்பிலேயே பாயிடம் போனான்.

“இனிமேயாவது வாயக் கொறச்சு செட்டக் கவனிங்க பாய்.”

“சரி தம்பி.”

மேடையில் சங்கச் செயலாளர் நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார். “மைக் செட் கோளாறுக்கு வருந்துகிறோம். அடுத்த வருஷம் வேற நல்ல செட்டா ஏற்பாடு செய்வோம்” என்றார்.

அதைத் திருப்தியோடு கேட்டபடி கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த மிக்கேல்ராஜின் கை நின்றது. கம்பிகளைப் பிடிக்கும் பித்தளைத் தகட்டில் நான்கு திருகாணிகள். நான்கின் தலைக்கீற்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கிற மாதிரி முறுக்குவது அவன் வழக்கம். இப்போது ஒன்று சாய்ந்திருந்தது.

திருப்புளியை எடுத்துத் தகட்டைக் கழற்றினான்.

பூட்டுத் தகடு கறுக்காமல் இருக்கப் பட்டறையில் இரண்டு பக்கமும் வார்னிஷ் அடிப்பார்கள். அதே கைப்பழக்கத்தில் இதற்கும் அடித்திருந்தான். இரைச்சலை அடக்க அடியில் வருகிற எர்த் வயர் பித்தளையைத் தொடமுடியாமல் அந்த வார்னிஷ் மறித்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அந்த இடத்தில் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு வார்னிஷைச் சுரண்டி, வயரைப் பற்றவைத்திருந்தது.

மிக்கேல்ராஜ் தகட்டைக் கையில் பிடித்தபடியே பாயிடம் ஓடினான்.

“பாய்… கோளாறு எங் கிட்டார்லயா?”

“மெதுவாப் பேசு.”

“ஏன் பாய் சொல்லல? உங்க பேரு கெட்டுப்போச்சே!”

“எம் பேரு இருவது வருசத்துப் பேரு, தாங்கும். உம் பேரு இன்னைக்குத்தானப்பா மேடை ஏறுது. ஒத்தை ஆளா நம்ம ஊர்ல ஒருத்தன் கிட்டாரு செஞ்சிருக்கான், அதப் போயி நாலு பேரு சிரிக்க விடுவனா?”

மிக்கேல்ராஜால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. மேடைக்குத் தாவினான். செயலாளர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான்.

“எல்லாரும் செத்த இருங்க! அந்த இரைச்சலு எதுனால வந்துச்சுன்னா…”

குழாய் சட்டென்று அடங்கியது. அவன் வாய் அசைந்தது, குரல் எட்டவில்லை.

“என்ன பாய், மறுபடியுமா?” என்று கூட்டம் சிரித்தது.

சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்ற வாஹித் பாய், வாழ்நாளில் அப்படி மார் தட்டியதில்லை.

“ஆமாங்க! எஞ் செட்டு மறுபடியும் ரிப்பேரு!”