சிங்க்குக்குள் ஒரு இருமல்

சமையலறை சிங்க் அடைத்துக்கொண்டது. மருமகள் ஆசிட் பாட்டிலைச் சாய்க்கப் போனபோது குழாய்க்குள் யாரோ இருமினார்கள். தரைத்தள வீடு அது. கீழே வெறும் மண்தான். அவள் கை அப்படியே நின்றது.

அதற்குள் மாமியார் வந்துவிட்டார். "ஐயோ, ஊத்தாதடி! காலையிலதான் நான் பிளீச் ஊத்தினேன். ரெண்டும் சேர்ந்தா விஷப்புகை."

மருமகள் பாட்டிலை இறுக மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். சாயங்காலம் பிளம்பர் வந்தார். கையுறை மாட்டி, வளைகுழாயைக் கழற்றி, அடைப்பை எடுத்தார். பிளீச், ஆசிட் விஷயத்தை மாமியார் சொன்னதும் அவர் மருமகள் பக்கம் திரும்பினார்.

"உள்ள இருமல் கேட்டுச்சாம்மா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்ட வீட்டுலதான் நான் வர்றப்போ கதவத் திறக்க உயிரோட ஆள் இருக்கு," என்றார் அவர், ஸ்பேனரைத் துடைத்தபடி.