தறி ஓய்ந்த நேரம்

அருப்புக்கோட்டை உச்சி வெயிலில், கரீம் பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை முன்னால் பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது அம்பாசிடர். ஒழுகும் தண்ணீர் ரோட்டில் விழுந்த மாத்திரத்தில் காய்கிறது. பின்சீட்டில் வெள்ளத்துரையின் மதினி பொன்னுத்தாய் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் இறந்த பிறகு அவள் அவனுக்குக் கொடுத்த கார் இது. பக்கத்துச் சந்தில் விசைத்தறிகள் தடதடக்கின்றன. அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவன் குரலைத் தாழ்த்திப் பேசுகிறான். ரேடியேட்டர் வாய்க்கும் இஞ்சின் வாய்க்கும் நடுவே அளவுக்கு வளைத்த கம்பியை மேசைமேல் வைக்கிறான். பாய் கொக்கியில் தொங்கும் ரேடியேட்டர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பியோடு சேர்த்துப் பார்க்கிறார். ஒன்று வளைவில் பிசகுகிறது, ஒன்றுக்கு வாய் பெருத்திருக்கிறது. புது ரப்பர் வாடை மூக்கில் ஏறுகிறது. "அம்பாசிடருக்கு இப்படி வளைவு வராதே அண்ணாச்சி?" என்கிறார் பாய். வெள்ளத்துரை வாய்க்குள்ளேயே விவரம் சொல்கிறான். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போகிறது. தறிகள் மொத்தமும் சட்டென்று ஓய்கின்றன. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய பாயின் தொண்டை மட்டும் ஓயவில்லை. "ஓ, பழைய இஞ்சினைத் தூக்கிட்டு வேன் டீசல் இஞ்சின் வச்சிட்டீகளா!" தெரு முழுக்கக் கேட்கிறது. பின்சீட்டில் முந்தானை அசையாமல் நிற்கிறது. வெள்ளத்துரை பாயின் கையிலிருக்கும் ஹோஸையே பார்க்கிறான். இது கம்பியோடு இம்மி பிசகாமல் பொருந்துகிறது. "எப்ப மாத்துனீக தம்பி?" "போன தையில, மதினி. பெட்ரோல் போட்டுக் கட்டுபடியாகல..." அவள் கோபப்படவில்லை. விரலால் காது மடலைத் தடவிக்கொள்கிறாள். "வண்டிச் சத்தம் மாறிக் கேக்குது, என் காதுக்குத்தான் என்னமோ ஆகிப்போச்சுன்னு சொன்னேன். மதுரைக்குக் காது டாக்டர்ட்ட நீங்கதான தம்பி கூட்டிட்டுப் போனீக, இதே கார்ல?"