கம்பளத்தில் மாம்பழ வாசனை

"தேய்க்காதடி! ஒத்தி ஒத்தி எடுக்கணுமாம். தேய்ச்சா இன்னும் உள்ள இறங்கிடுமாம்."

கிரெய்க் கைப்பேசியைப் பார்த்துப் படித்தான். சோபாவின் காலடியில் மண்டியிட்டிருந்த லியான் தலை நிமிரவில்லை. வெளிர்நிறக் கம்பளத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை. அதிலிருந்து மாம்பழ வாசனை தூக்கி அடித்தது.

"ஜூஸை எப்படிக் கொட்டினே?"

"கை தவறிடுச்சு."

"ஜூஸுக்கு இப்படியா பிசுக்குப் பிடிக்கும்?"

"நீ போய் டீ போடு. சும்மா தலைக்கு மேல நின்னுக்கிட்டு."

அவன் சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனான். லியானுக்கு அழுகை முட்டியது.

அது ஜூஸ் இல்லை, வேப் எனும் மின்-சிகரெட்டுக்குள் ஊற்றும் வாசனைத் திரவம். ஆறு மாதத்துக்கு முன்பே விட்டொழித்துவிட்டதாக ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தாள். உண்மையில் அந்தப் பாழாய்ப்போன குழலைக் கார்டிகன் ஸ்வெட்டரின் பைக்குள் ஒளித்து வைத்து, தினமும் தோட்டத்துக் கொட்டகைக்குப் பின்னால் போய் இழுத்துக்கொண்டுதான் இருந்தாள். பார்ன்ஸ்லி கடைத்தெருவில் கைக்கு எந்தச் சுவை கிடைக்கிறதோ, அது.

காலையில் கம்பளத்தைச் சுத்தம் செய்ய வந்தபோதுதான் கறை கண்ணில் பட்டது. பைக்குள்ளிருந்து குழல் ஒழுகிவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் நினைத்தாள். குழலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குப்பைத்தொட்டியின் அடியில் புதைத்தாள். கார்டிகனைச் சுருட்டி வாஷிங் மெஷினில் திணித்தாள்.

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வேப் கறைக்கு என்ன செய்வது என்று தேடிப் படித்தாள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, வெள்ளை வினிகர் ஒரு மூடி. அந்த நேரம் பார்த்துத்தான் பிலிப்பாவிடமிருந்து போன் வந்தது.

"லியான், மத்தியானம் ஒரு நிமிஷம் வந்துட்டுப் போகட்டுமா? ஒரு விஷயம். போன்ல வேண்டாம், நேர்ல சொல்றேன்."

பிலிப்பா, அவர்கள் தத்தெடுக்கப்போகும் எல்சியின் விஷயத்தைக் கவனிக்கும் சமூகநல அதிகாரி. எல்சிக்கு மூன்று வயது, நெஞ்சில் ஓயாத இழுப்பு. புகையும் வேப் ஆவியும் இல்லாத வீட்டுக்குத்தான் குழந்தையைத் தருவார்கள். செவ்வாய்க்கிழமை தத்தெடுப்புக் குழு கூடி முடிவு சொல்லும்.

நேற்றுதான் பிலிப்பா வந்து கடைசிப் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போனாள். பையைச் சோபாவின் காலடியில் இறக்கி, உள்ளே கைவிட்டுத் துழாவி, ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தாள். 'ஆறு மாதமாக இந்த வீட்டில் யாரும் புகைக்கவில்லை, வேப் இழுக்கவில்லை' என்ற வரிக்குக் கீழே லியான் கையெழுத்துப் போட்டாள். பேனா விரலோடு ஒட்டிக்கொண்டது. பொய் சொல்கிற கைக்கு வியர்க்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் பிலிப்பாவுக்கு யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொட்டகைப் பக்கம் ஜன்னல் இருக்கிறது.

"சமையல் சோடா தூவி விடணுமாம், மிச்சத்தை அது இழுத்துக்கும்." கிரெய்க் டப்பாவோடு வந்து நின்றான். "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? பிலிப்பா வர்றான்னு பயமா? நல்ல சேதியாத்தான் இருக்கும். என் பொண்டாட்டி ஆறு மாசமா அதைத் தொடலைன்னு டிப்போவுல சொன்னா ஒருத்தன்கூட நம்ப மாட்டேங்கிறான், தெரியுமா?"

அவன் முழங்கையில் மஞ்சள் பெயின்ட் காய்ந்திருந்தது. பேருந்து ஓட்டிவிட்டு வந்து, மூன்று வாரமாக எல்சிக்கான பின்னறைச் சுவரில் வாத்துக்குஞ்சுகளை வரைந்துகொண்டிருந்தான். லியானுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூசியது.

அழைப்பு மணி அடித்தது.

பிலிப்பா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பையை மார்போடு அணைத்தபடி கூடத்துக்கு வந்தவளின் கண் வேறெங்கும் போகவில்லை, நேரே கறைக்குத்தான் போனது. காது மடல்வரை அவளுக்குச் சிவந்துவிட்டது.

"லியான், அந்த இடத்தைப் பத்தித்தான் உங்ககிட்ட..."

"வேண்டாம், நானே சொல்லிடறேன்." லியான் ஈரத்துணியோடு எழுந்தாள். "அது ஜூஸ் இல்ல, வேப். என்னோடதுதான். நான் விடவே இல்ல. ஒரு நாள்கூட. நேத்து உங்க முன்னால போட்ட கையெழுத்து பச்சைப் பொய்."

டீக்கோப்பைகளோடு வந்த கிரெய்க் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அவருக்கு எதுவும் தெரியாது. அவர் மேல தப்பில்ல, என் மேலதான்," என்றாள் லியான், தரையைப் பார்த்தபடி. "தயவுசெஞ்சு எல்சிகிட்ட, எங்க வீட்டுல இடமில்லாமப் போச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. காரணத்தைச் சொல்லாதீங்க."

பிலிப்பா சோபாவில், நேற்று உட்கார்ந்த அதே இடத்தில், மெல்ல உட்கார்ந்தாள். பையைத் திறந்து ஒரு பழைய துண்டையும், கடையில் அப்போதுதான் வாங்கிய கம்பளக் கறை நீக்கிப் புட்டியையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். அவளாலும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"நேத்து என் பையிலேர்ந்து என்னோட வேப்தான் ஒழுகிடுச்சு... நானே துடைச்சுட்டு, உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன், லியான்."