மேம்பாலத்தில் நின்ற ஸ்கூட்டர்

தபால் ஆபீஸ் குமாஸ்தா அருளப்பனிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. ஐம்பது வருடப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஷெட்டுக்குள் இருந்தது. தினமும் அவரைச் சுமக்கும் ஸ்கூட்டரோ வெளியே மழையில் நனைந்தது. ஞாயிறு வந்தால் போதும், அவர் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் காரைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடியும் கழற்றுவார். ஆறு வருடமாக அது ஓர் அடிகூட நகரவில்லை.

"அக்கா, உங்களை மட்டும் ஏன் இப்படித் தாங்குறார்?" என்று ஸ்கூட்டர் ஒருநாள் கேட்டேவிட்டது.

"நான் ஓடுறதில்லையே தம்பி" என்றது கார். "நீயும் ஒருநாள் நின்னு பாரு."

மறுநாள் மேம்பாலத்து ஏற்றத்தில் ஸ்கூட்டர் வேண்டுமென்றே நின்றது. அருளப்பன் இருபது தடவை உதைத்தார். பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் இறங்கி, வியர்க்க வியர்க்கத் தள்ளினார். உச்சிக்கு வந்ததும் மூச்சு வாங்கியபடி சீட்டின்மேல் கையை வைத்தார்.

"நீயுமாடா? உன்னை நம்பித்தானே ஷெட்டுல நிக்கிற அவளோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்" என்றார்.

ஸ்கூட்டருக்கு என்னவோ போலாகிவிட்டது. அவர் மறுபடி காலை வைத்ததுதான் தாமதம், சட்டென்று கிளம்பிவிட்டது.