சண்டை மீட்டர்

குழுவாக வாழ்பவர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று ஆராய, பேராசிரியை பெனிட்டா அந்த அடுக்குமாடியிலேயே குடியேறியிருந்தாள். குடியிருப்போர் சங்கக் கூட்ட அறையில் அவள் மாட்டிய மீட்டர், கூடியிருப்பவர்களின் மனதை அளந்து, அவள் ஆராய்ச்சிக்குப் பணம் தரும் நிதிக்குழுவுக்கு நேரே அனுப்பும். நிஜச் சண்டையென்றால் சிவப்பு, ஒற்றுமையென்றால் பச்சை. சண்டைக்காரர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அவளே சமாதானம் செய்துவைத்ததில், கொஞ்ச நாளாகப் பச்சை மட்டுமே எரிந்தது. ஆராயச் சண்டையே இல்லை, இன்றோடு நிதி நிறுத்தம் என்று தகவல் வந்துவிட்டது.

"விட்ருவோமா மேடம்?" என்றார் சங்கச் செயலாளர் தணிகைவேல். எல்லோரையும் கூட்டி, கார் நிறுத்தும் இடத்துக்காகத் தொண்டை கிழியக் கத்த வைத்தார். அவளுக்காக அத்தனை பேரும் ஒரே மனதாக நடித்ததில், மீட்டர் என்றைக்கும் இல்லாத பச்சையில் ஜொலித்தது.

பெனிட்டாவுக்குக் கண் கலங்கியது. "போதும் சார், நான் கிளம்பறேன்."

"சும்மா அனுப்புவோமா? விருந்து வைக்கிறோம். கேசரி சொல்லிடறேன்."

"எப்பப் பார்த்தாலும் கேசரிதானா? யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க? பாயசம்தான்!" என்றாள் மூன்றாம் மாடி கோமளவல்லி.

"போன வருஷம் நீங்க வச்ச பாயசத்துல கரண்டி நட்டுக்கிட்டு நின்னுச்சும்மா!" என்றார் தணிகைவேல்.

"என்ன சொன்னீங்க?"

அறை இரண்டாகப் பிரிந்தது. நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. மீட்டர் செக்கச்செவேலென்று எரிந்தது. பெனிட்டாவின் போன் ஒலித்தது.

"நிதியை நீட்டிச்சுட்டாங்க!" என்று அவள் கத்தினாள்.

எல்லோருடைய கைகளும் உயர்ந்தன. தணிகைவேல் பதறிப்போய்க் குறுக்கே பாய்ந்தார்.

"இருங்க, இருங்க! மேடம், முதல்ல அந்த மீட்டரை அணைங்க. நாங்க கை தட்டணும்."