நிரந்தர முகவரி

"என்னய்யா இது, இப்படி எழுதி வெச்சிருக்கீங்க?"

பள்ளிக்கூட அலுவலக ஜன்னலுக்குள்ளிருந்து கிளார்க்கம்மா போட்ட சத்தத்தில் வரிசையே எட்டிப் பார்த்தது.

மகளைச் சேர்க்க வந்திருந்த தச்சர் ஜன்னலருகே குனிந்தார். "உள்ளதைத்தாம்மா எழுதினேன்."

"நிரந்தர முகவரிங்கிற இடத்துல கதவு நம்பர், தெரு, ஊர் எல்லாம் எழுதிட்டு, பக்கத்துலயே 'இப்போது கடல்'னு யாராவது எழுதுவாங்களா?"

"வீடு கடலுக்குள்ள போய் ஒண்ணரை வருஷம் ஆச்சும்மா. அந்தத் தெருவே இப்ப இல்ல."

"இப்ப எங்க தங்கியிருக்கீங்க?"

"முகாம்லம்மா."

"முகாமை எல்லாம் நிரந்தரம்னு போட முடியாது. ரூல் அப்படி."

மகள் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்தபடி நின்றாள். ஏற்கெனவே ஒரு வருஷப் படிப்பு போயாயிற்று. சேர்க்கைக்கு இன்றுதான் கடைசி நாள். இதையும் விட்டால் இன்னொரு வருஷம் அம்போதான்.

"கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்கம்மா..."

கிளார்க்கம்மா அந்த விண்ணப்பப் பாரத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"ஓரமா நில்லுங்க. அடுத்து யாரு?"

தச்சர் மகளோடு ஓரமாக ஒதுங்கினார். பின்னால் நின்றவர் காதருகே வந்து, "அது ஒண்டிக்கட்டைங்க. புள்ள குட்டி இருந்தாத்தானே அருமை தெரியும்!" என்றார்.

தெரிந்த சாபத்தையெல்லாம் தச்சர் மனசுக்குள் ஒரு சுற்று விட்டுத் தீர்த்தார்.

வரிசை கரைந்தது. கிளார்க்கம்மா புதுப் பாரம் ஒன்றைத் தானே மளமளவென்று நிரப்பி வெளியே நீட்டினார்.

"கையெழுத்தைப் போடுங்க. படிச்சுக்கிட்டு நிக்காதீங்க, சார் கிளம்பிடுவாரு. இனிமேலாவது உண்மையை எல்லாம் பாரத்துல எழுதாதீங்க!"

ஒன்றும் புரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளோடு கிளார்க்கம்மாவின் பின்னாலேயே தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார் தச்சர்.

தலைமை ஆசிரியர் பாரத்தைப் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிளார்க்கம்மாவைப் பார்த்தார்.

"நிரந்தர முகவரி... இது உங்க வீட்டு முகவரியாச்சேம்மா?"

"ஆமா சார்."

"இந்த வருஷம் உங்க வீட்டுலேருந்து சேருற பதினாலாவது பிள்ளை இது!"

முத்திரையை மையில் ஒற்றியபடியே கிளார்க்கம்மா சொன்னார்:

"கூட்டுக் குடும்பம், சார்."